கோட்டைக்கு முழு மார்க், மைக்குக்கு வெறும் பாஸ் மார்க்

காரைக்குடியில் கிளம்பி, பழைய கோட்டைகளையும் மலைக்கிராமங்களையும் சுற்றிக் காட்டி, நடுநடுவே வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படி என்று வகுப்பும் எடுக்கிற இரண்டு நாள் வேன் பயணம் ஒன்று கொஞ்ச காலமாக எங்கள் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. சின்னத் தொழில் செய்கிறவர்களுக்கென்றே போட்ட ஏற்பாடு. ஆளுக்கு 6,500 ரூபாய். சாப்பாடு, ஒரு ராத்திரி தங்கல், கோட்டை டிக்கெட், ஒரு ஃபைல், ஒரு பேனா எல்லாம் அதற்குள் அடக்கம். போய் வந்தது தெரிந்ததும் வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு "போகலாமா ஆச்சி?" என்று கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. ஏற்பாடு செய்பவர்களின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், பாவம், இப்போதுதான் தொழில் ஆரம்பித்திருக்கிறார்கள். வேண்டியவர்கள் காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் விசாரித்தால் தெரிந்துவிடும்.

எனக்குப் பலகாரத் தொழில். தேன்குழல், சீப்புச்சீடை, மணகோலம், அதிரசம், கல்யாணம் வந்தால் சீர்ப்பலகாரம். வீட்டுப் பின்கட்டில் ஒற்றை அடுப்பில் ஆரம்பித்தது, இன்றைக்கு எட்டுப் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். என்னோடு வந்தவர் என் அண்ணமிண்டி, அதாவது அண்ணன் மனைவி. அவருக்கு வெற்றியும் வேண்டாம், ஃபைலும் வேண்டாம். திருமயத்துப் பெருமாளைச் சேவித்தால் போதும் என்று வந்தவர். மற்றவர்களில் ஆத்தங்குடியில் டைல் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், செக்காலை ரோட்டுத் தையல் கடைக்காரத் தம்பதி, தேவகோட்டையில் பியூட்டி பார்லர் நடத்தும் பெண், செல்போன் கடை வைத்திருக்கும் இரண்டு பையன்கள், பேங்கில் இருந்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர். சிறுதொழிலுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கடைசி வரை தெரியவில்லை, ஆனால் வண்டிக்குக் கலகலப்பு அவரால்தான்.

வண்டி நல்ல வண்டி. டெம்போ டிராவலர், ஏசி ஒழுங்காக வேலை செய்தது. கடைசி வரிசையில் மட்டும் உட்காராதீர்கள். சிறுமலை வளைவுகளில் அங்கே இருந்த செல்போன் பையன்கள் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. பணம் கட்டும்போதே டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசை என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தப் பயணத்தில் இரண்டு பேர் பேசுவார்கள். ஒருவர் மைக் பிடித்த பயிற்சியாளர், கோயம்புத்தூரில் இருந்து வருகிறவர். இன்னொருவர் டிரைவர் தம்பி, சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளை. நோட்டீஸில் இருப்பது முதலாமவரின் படம். காசுக்கு உண்டான பலனைக் கொடுத்தது இரண்டாமவர்.

முதல் நிறுத்தம் திருமயம். காலையில் வெயில் ஏறுவதற்குள் போய்விடுகிறார்கள், அது புத்திசாலித்தனம். ரோட்டை ஒட்டிக் கோட்டைச் சுவரிலேயே இருக்கிற கோட்டை பைரவருக்கு டிரைவர் தம்பி ஒரு சிதறுகாய் போட்டார். அந்த வழியில் போகிற வண்டிக்காரர்கள் நிற்காமல் போவது அபூர்வம். அப்புறம் நேரே கோயில்கள். கோட்டையை முதலில் பார்த்துவிட்டுக் கோயிலுக்கு வந்தால் நடை சாத்தியிருப்பார்கள் என்று தெரிந்து வைத்த வரிசை இது. போன வருஷம் சொந்தக் காரில் போன எங்கள் உறவுக்காரர்கள் இந்த வரிசையை மாற்றிப் போட்டுவிட்டுப் பூட்டிய கதவைக் கும்பிட்டு வந்தார்கள்.

ஒரே பாறையின் அடிவாரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குடைவரைக் கோயில்கள். ஒன்று சத்தியகிரீஸ்வரர், மற்றது சத்தியமூர்த்திப் பெருமாள். பெருமாள் கோயில் நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. உள்ளே பாறையிலேயே குடைந்த பள்ளிகொண்ட பெருமாள், அத்தனை பெரிய திருமேனி. தீபம் காட்டும்போது அவரை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது. பின்சுவரைக் கவனிக்க வேண்டும். ஆதிசேஷனின் மூச்சுக்காற்றின் சூடு தாங்காமல் மது, கைடபர் என்ற அசுரர்கள் ஓடுவதை அந்தச் சுவரில் செதுக்கியிருக்கிறார்கள். அண்ணமிண்டி அங்கிருந்து நகரவே இல்லை. பட்டர் இன்னொரு தடவை விளக்கைத் தூக்கிக் காட்டினார்.

வெளியே வந்ததும் டிரைவர் தம்பி ஒரு விஷயம் சொன்னார். இரண்டு கோயிலுக்கும் இடையே வருமானத்திலும் உரிமையிலும் நெடுநாள் தகராறு இருந்ததாம். 13ஆம் நூற்றாண்டில் ஹொய்சளத் தளபதி ஒருவர் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி, வருமானத்தைப் பங்கு பிரித்து, நடுவே சுவரும் எழுப்பித் தீர்த்து வைத்திருக்கிறார். அதைக் கல்வெட்டிலும் வெட்டி வைத்தார்கள். இதை அவர் சொல்லி முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. தையல் கடைக்காரர் மனைவியைப் பார்த்தார், மனைவி அவரைப் பார்த்தார். கூட்டு வியாபாரத்தில் தம்பியோடு கணக்குத் தீராமல் இருப்பது ஏற்கெனவே வண்டியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வகுப்பு எடுப்பதென்றால் அங்கே, அந்தச் சுவரின் முன்னால் எடுத்திருக்க வேண்டும். பயிற்சியாளர் அப்போது வேனுக்குள் ஸ்பீக்கரை சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தார்.

கோட்டைக்கு டிக்கெட் 25 ரூபாய், தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. 1687இல் கிழவன் சேதுபதி கட்டியது. ஊரில் ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள், கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையை நினைத்து. விடுதலைப் போராட்டத் தலைவர் தீரர் சத்தியமூர்த்தி 1887இல் பிறந்ததும் இதே திருமயத்தில்தான். மேலே ஏறுகிற வழியில் பாறையின் நடுவயிற்றில் ஒரு சின்னக் குடைவு, உள்ளே சிவலிங்கம். இரும்பு ஏணியில் ஏறித்தான் போக வேண்டும். சேலை கட்டியவர்களுக்குச் சிரமம். நான் ஏறினேன், பார்லர்காரப் பெண் கீழே நின்று என் செருப்பையும் பையையும் பிடித்துக்கொண்டது. உச்சியில் ஒரு பீரங்கி கிடக்கிறது. அங்கே நின்று பார்த்தால் நான்கு பக்கமும் கண்மாயும் பொட்டலும் பனையும்தான். எந்தத் திசையில் இருந்து யார் வந்தாலும் வெகுதூரத்திலேயே தெரிந்துவிடும். இந்தப் பாறையைத் தேர்ந்தெடுத்தவனின் கணக்கு அங்கே நின்றால் தானே விளங்கும்.

அங்கேதான் முதல் வகுப்பு. கோட்டைக்கு ஆதியில் ஏழு சுற்று மதில்கள் இருந்தன என்பதை வைத்து, வெற்றிக்கு ஏழு பழக்கங்கள் என்று ஆரம்பித்தார். முதல் மதில் நேரம், இரண்டாவது மதில் நம்பிக்கை, இப்படியே போயிற்று. ஆத்தங்குடி டைல்காரர் கையைத் தூக்கி, "சார், இப்ப நிக்கிறது நாலு சுத்துதானே, மிச்ச மூணு பழக்கம் என்னாச்சு?" என்று கேட்டார். வேன் முழுக்கச் சிரித்தது. பயிற்சியாளரும் சிரித்துவிட்டார், அதற்காக அவருக்கு ஒரு மார்க். ஆனால் ஐந்தாம் மதிலுக்குள் பாறை கொதிக்க ஆரம்பித்துவிட்டது. வெயிலில் உட்கார வைத்து ஃபைலில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் யாருக்கு ஏறும்? தொப்பி கொண்டுபோங்கள். தண்ணீர் கீழே இருந்தே எடுத்துப் போக வேண்டும், மேலே கிடையாது.

அவர் பேச்சில் எனக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. வாய் திறந்தால் அமெரிக்காக்காரர் கதை, கார் ஷெட்டில் கம்ப்யூட்டர் செய்தவர் கதை. எங்கள் வேன் கிளம்பியது காரைக்குடியில். அழகப்பச் செட்டியார் கல்லூரி வைத்த ஊர். கோட்டையூரில் 1909இல் பிறந்து, நாற்பத்தெட்டு நிறைவதற்குள் 1957இல் போய்ச் சேர்ந்த மனிதர். அதற்குள் சம்பாதித்ததையும் வாரிக் கொடுத்ததையும் சொன்னால் நாள் போதாது. சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். பெண்கள் படிக்கக் கல்லூரி வேண்டும் என்றதும் தான் குடியிருந்த வீட்டையே கொடுத்தார். வியாபாரத்தில் ஏறியதும் அவரே, இறங்கியதும் அவரே. இதை அந்த ஊரில் இருந்து வந்த பன்னிரண்டு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மதியம் நானே கேட்டேன். "நல்ல பாயிண்ட் மேடம், அடுத்த பேட்சில் சேர்த்துடலாம்" என்றார். சேர்த்தாரா என்று அடுத்துப் போகிறவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.

அப்புறம் திருப்பத்தூர், நம் சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர். மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24இல் தூக்கில் போட்ட ஊர். நினைவிடத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். பயிற்சியாளர் மைக்கை எடுக்கவில்லை. அதற்கும் ஒரு மார்க்.

மதியச் சாப்பாடு சிங்கம்புணரியில் ஒரு மெஸ். தொழில்காரி என்பதால் சாப்பாட்டில் நான் கொஞ்சம் கறார். சோறு சூடு, ரசம் நல்ல ரசம், கத்தரிக்காய் கூட்டில் எண்ணெய் மிதக்கவில்லை. அப்பளம் பழைய எண்ணெயில் பொரித்தது, முதல் கடியிலேயே தெரிந்துவிட்டது. பாயசம் வைத்தார்கள், வைக்காமலே இருந்திருக்கலாம். சாப்பிட்டதும் பக்கத்தில் ஒரு கயிறு தயாரிக்கும் இடத்துக்குக் கூட்டிப் போனார்கள். சிங்கம்புணரிக்குக் கயிற்றுத் தொழில்தான் பேர். நாரை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தபடி கயிறு விடுகிற ஒரு அம்மாவை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கண் எங்கோ இருக்கிறது, விரல் மட்டும் நாரின் கனத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. எங்கேயும் முடிச்சு இல்லை, தடிப்பு இல்லை. என் பட்டறையில் தேன்குழல் பிழியும் மூத்த பெண்ணுக்கும் இதே விரல்தான். நோட்டீஸில் இந்த நிறுத்தம் இல்லவே இல்லை, பிரான்மலைக் கோயில் நடை திறக்க நேரம் இருக்கிறதே என்று டிரைவர் தம்பி தானாகச் சேர்த்தது.

பெண்களுக்காக ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியே கிளம்பினால் நமக்கு முதல் கவலை என்ன என்று ஆண்களுக்கு என்றைக்குமே தெரியாது. காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமலே வருவோம். இந்தத் தம்பி முதல் நிறுத்தத்திலேயே, "ஆச்சி, நல்லாத் தண்ணி குடிங்க, இடம் நான் பார்த்து வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டார். அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற நீள நோட்டு. கேட்டு வாங்கிப் பார்த்தேன். பக்கத்துக்கு ஒரு ஊர். எந்த பெட்ரோல் பங்க், எந்தக் கல்யாண மண்டபம், எந்த ஹோட்டல். கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, குழாயில் தண்ணீர் வருமா, வெளிச்சம் எப்படி, கடைசியாகப் பார்த்த தேதி என்ன. கெட்டுப்போன இடத்தைச் சிவப்பு மையில் அடித்திருக்கிறார். கொட்டாம்பட்டிப் பக்கத்தில் ஓரிடத்துக்கு நேரே "சாவி கேட்டு வாங்கணும், அம்மா நல்லவங்க" என்று எழுதியிருந்தது. நோட்டின் பின்பக்கம் முழுக்கக் கோயில் நடை திறக்கும் நேரம், எந்த மாதம் எந்த மலையில் அட்டை ஜாஸ்தி, எந்தப் பாலத்தில் வேலை நடக்கிறது என்று. முன்பு ஒரு பெரிய ஹோட்டலுக்கு வண்டி ஓட்டினாராம். வெள்ளைக்காரப் பயணிகள் ஒவ்வொருவரும் இறங்கும்போது என்ன குறை சொன்னார்கள் என்று அன்றன்றைக்கு ராத்திரி எழுதி வைக்க ஆரம்பித்து வளர்ந்த நோட்டு அது. இப்போது இந்த வேன் அவருடையது, பாதித் தவணை கட்டியாகிவிட்டது. பயிற்சியாளர் கொடுத்த ஃபைலுக்குப் பதில் அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்திருக்கலாம்.

பிரான்மலைக்குச் சாயங்காலம் போனோம். பாரி ஆண்ட பறம்பு மலை இதுதான். திருக்கொடுங்குன்றம் என்று சம்பந்தர் பாடிய தலம். கோயில் மூன்று அடுக்கு: கீழே பாதாளத்தில் கொடுங்குன்றநாதர், நடுவே பூமியில் விசுவநாதர், மேலே கைலாசத்தில் மங்கைபாகர். மங்கைபாகர் சன்னதி பாறையைக் குடைந்தது, அம்பாளோடு அமர்ந்த கோலம். மலை உச்சியில் ஒரு தர்கா இருக்கிறது. கோயிலுக்கு வருகிறவர்களும் அங்கே ஏறுகிறார்கள். உச்சி ஏறுவது இந்தப் பயணத்தில் கிடையாது. ஏற வேண்டும் என்றால் விடியற்காலையில் தனியாக வர வேண்டும், சாயங்காலம் ஏறினால் இருட்டில் இறங்க வேண்டியிருக்கும் என்று தம்பி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். செல்போன் பையன்களுக்கு ஏமாற்றம். எனக்கு நிம்மதி.

கோயிலுக்கு வெளியே மலையைப் பார்த்தபடி இரண்டாவது வகுப்பு. முல்லைக்குத் தேரைக் கொடுத்த பாரியை வைத்து, கொடுத்தால்தான் பெருகும் என்றார். ரிட்டயர்டு பேங்க்காரர் என் காதில், "இவர்கிட்ட லோன் கேட்டு வந்தா நான் குடுத்திருக்க மாட்டேன்" என்றார். பாரியின் கதையைச் சொன்னால் முழுதும் சொல்ல வேண்டும். மூவேந்தரும் சேர்ந்து முற்றுகை போட்டார்கள், நேராக வெல்ல முடியாமல் சூதால் கொன்றார்கள், அவன் பெண்கள் இரண்டு பேரும் அநாதையாக நின்றார்கள், கபிலர் அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசல் வாசலாக அலைந்தார். தொழில் பெருகும்போது யாருக்கெல்லாம் வயிறு எரியும் என்று பேச வாகான இடம் அது. பாதிக் கதையோடு கைதட்டச் சொல்லிவிட்டார். கிராமத்துப் பிள்ளைகள் ஆடு பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள், அதை வேடிக்கை பார்த்தோம்.

ராத்திரி திண்டுக்கல். தங்கும் இடம்தான் இந்த ஏற்பாட்டில் சொத்தை. ரூமுக்கு இரண்டு பேர் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். எங்கள் ரூமில் மூன்றாவதாக ஒரு மெத்தையைத் தரையில் போட்டு பார்லர்காரப் பெண்ணை அனுப்பினார்கள். அந்தப் பெண் மேல் குற்றமில்லை, ராத்திரி பூரா எங்களுக்குப் பேச்சுத்துணை. ஆனால் சொன்ன சொல் சொன்னபடி இருக்க வேண்டும். வெந்நீர் காலை ஆறு மணிக்கு மேல்தான். கேட்டதற்கு 500 ரூபாய் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள், ஊருக்கு வந்த மறுநாள் ஜிபேயில் வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டுமல்லவா? சாப்பாட்டுக்குச் சீரகச் சம்பா பிரியாணி. அண்ணமிண்டிக்கு இட்லி. இரண்டுமே குறை சொல்ல முடியாதவை.

மறுநாள் காலை திண்டுக்கல் கோட்டை. ஊருக்கு நடுவே வழுக்கைப் பாறை, அதன் மேல் 1605இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் எழுப்பியது. பிறகு ஹைதர் அலி கைக்கு, திப்பு கைக்கு, வெள்ளைக்காரன் கைக்கு என்று மாறி மாறிப் போயிற்று. இங்கேயும் 25 ரூபாய் டிக்கெட். பாறையிலேயே வெட்டிய படிகளில் ஏறினால் ஆயுதக் கிடங்கு, படைவீரர் அறைகள், சிறைக்கூடம். உச்சியில் ஒரு கோயில், உள்ளே மூலவர் இல்லை. வெறும் கருவறை. அண்ணமிண்டி அப்படியும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்.

அந்தக் கோட்டையில் டிரைவர் தம்பி வேலு நாச்சியார் கதையைச் சொன்னார். மூச்சு வாங்குகிறதென்று பயிற்சியாளர் கீழேயே நின்றுவிட்டார், நமக்கு அதிர்ஷ்டம். 1772இல் காளையார்கோயிலில் கணவர் முத்துவடுகநாதரை வெள்ளைக்காரர் கொன்றபோது நாச்சியார் மகளோடு தனியாக நின்றார். சீமை போயிற்று. விருப்பாச்சியில் அடைக்கலம், திண்டுக்கல்லில் ஹைதர் அலியிடம் உதவி. எட்டு வருஷம் காத்திருந்து 1780இல் திரும்பிப் போய் சிவகங்கையை மீட்டார். இது நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் தம்பி கேட்டது வேறு கேள்வி. "எட்டு வருஷம் ஆச்சி, படைக்குச் சாப்பாடு யாரு போட்டிருப்பா? சம்பளம்? மருது சகோதரர்கள் ஊர் ஊராப் போய் ஆள் சேர்த்தாங்களே, போக்குவரத்துக்கு?" பேங்க்காரப் பெரியவர் உடனே கணக்குப் போட உட்கார்ந்துவிட்டார். திரும்பி வருவேன் என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பி எட்டு வருஷம் கடன் கொடுத்தவர்கள் யாராக இருப்பார்கள் என்று படி இறங்கும் வரை பேசிக்கொண்டே வந்தோம். தொழில் வகுப்பு என்றால் எனக்கு அதுதான் வகுப்பு.

சிறுமலைக்கு நத்தம் ரோட்டில் இருந்து பிரிந்து ஏற வேண்டும். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள், மேலே போனால் அங்கேயே விளைந்ததை மலிவாகவும் வாங்கலாம். ஏறி முடித்ததும் காற்று மாறிவிடுகிறது. எங்கள் ஊர் வெயிலில் ஊறிய உடம்புக்கு அது பெரிய விஷயம். காபி, பலா, மிளகு, சௌசௌ, வாழை என்று தோட்டங்கள். வண்டிப்பாதை இல்லாத தோட்டங்களில் இருந்து குதிரைகள்தான் மூட்டை சுமந்து வருகின்றன. பழையூர்ப் பக்கம் ஒரு வளைவில் நான்கு குதிரைகள் பலாப்பழ மூட்டையோடு எதிரே வந்தன. ஓட்டி வந்தவர் செல்போனில் மண்டி விலை கேட்டுக்கொண்டே வந்தார்.

மலைவாழைப்பழம் விற்கிற ஒரு அம்மாவிடம் நானும் டைல்காரரும் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டோம். சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடு உண்டு. பழம் சின்னது, தோல் கனம், உள்ளே பசை மாதிரி இனிப்பு, தோல் கறுத்துச் சுருங்கினாலும் கெடாது. முன்பு மலை முழுக்க இதுதானாம். முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்தபோது பலர் காபிக்கும் மிளகுக்கும் மாறிவிட்டார்கள். இந்த அம்மா வீட்டில் மாறவில்லை. ஏன் என்று கேட்டேன். "எல்லாரும் விட்டுட்டா வெலை யாருக்கு?" என்றார். நோய் கண்ட கன்றை அன்றைக்கே வேரோடு பிடுங்கிவிடுவார்களாம், பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்துக் கன்றும் போய்விடும். விலை பேசிப் பார்த்தேன், ஒரு ரூபாய் இறங்கவில்லை. ஒரு தார் வாங்கி வந்தேன். பேரம் படியாமல் போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

கடைசி வகுப்பு அங்கே ஏரிக்கரையில். நியாயமாகச் சொல்ல வேண்டும், அது உருப்படியான வகுப்பு. பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒரே ஒரு தாளைக் கொடுத்தார். நீங்கள் செய்கிற ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை மணி நேரக் கைவேலை, அந்த மணிக்கு என்ன கூலி, விற்கிற விலையில் அது ஏறியிருக்கிறதா என்று எழுதச் சொன்னார். சீப்புச்சீடைக்கு எழுதினேன். மாவைச் சீப்பு அச்சில் வைத்துத் தேய்த்து, விரலில் சுற்றி, ஓரத்தை ஒட்டி, ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும். தேன்குழல் ஒரு கிலோ பிழிகிற நேரத்துக்குப் பல மடங்கு நேரம் இது பிடிக்கும். விலை வித்தியாசமோ கொஞ்சம்தான். ஊருக்கு வந்து கிலோவுக்கு 60 ரூபாய் ஏற்றினேன். ஒரு ஆள்கூட ஏன் என்று கேட்கவில்லை. டைல்காரரும் பூப்போட்ட டைலுக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வண்டியில் வாய் பேசாமல் வந்தார். இந்த ஒரு தாளுக்காகத்தான் மைக்குக்குப் பாஸ் மார்க்.

ராத்திரி ஒன்பது மணிக்குள் காரைக்குடியில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரையும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டது டிரைவர் தம்பியின் நல்ல மனசு, அது ஏற்பாட்டில் இல்லை.

போகிறவர்களுக்கு: வகுப்பு வேண்டாம், இடம் மட்டும் பார்த்தால் போதும் என்றால் அந்தத் தம்பியிடமே நேரடியாகப் பேசுங்கள். குடும்பமாக எட்டு பேர் சேர்ந்தால் ஆளுக்கு 4,500க்குள் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். ரூமை நாமே நல்லதாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். வகுப்போடுதான் போவது என்றால், ரூமில் எத்தனை பேர் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள், முன்பணம் ஆயிரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் திண்டுக்கல் கோட்டைப் படி ஒத்துவராது, அவர்கள் கீழே அபிராமி அம்மன் கோயிலில் இருந்துகொள்ளலாம். பங்குனி, சித்திரையில் போகாதீர்கள், பாறையில் கால் வைக்க முடியாது. தை, மாசி சரியான மாதங்கள். சிறுமலையில் வாழைத்தார் வாங்கினால் வேனின் மேலே கட்டச் சொல்லுங்கள். உள்ளே வைத்தால் இறங்குகிற வரை அந்த வாசனையில் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள், வீடு வரும்போது காம்புதான் மிச்சம் இருக்கும்.